மாமனார் படகுக்கு நான் வைத்த நாலு ஹோல்டர்

லாரிக்குப் பாடி கட்டுகிறவன் கையில் எதைக் கொடுத்தாலும் அவன் அதை லாரியாகத்தான் பார்ப்பான். குழந்தைக்குத் தொட்டில் செய்யச் சொன்னால், எத்தனை டன் தாங்க வேண்டும் என்று கேட்பான். எங்கள் தொழிலில் இது ஒரு நோய். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது என்பதை ஆறு வருடம் கழித்து இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எனக்கு நாமக்கல். அப்பா ஆரம்பித்த பாடி கட்டும் பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மனைவி கோகிலாவுக்குக் குமாரபாளையம். அவள் அப்பா விசைத்தறி வைத்திருந்தவர். எங்களுடையது காதல் கல்யாணம். (கல்லூரிப் பஸ்ஸில் ஆரம்பித்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம், அதிலும் நான் அசடு வழிந்திருக்கிறேன்.) மாமனார் சம்மதித்தார், மண்டபத்துக்கு வந்தார், தாரை வார்த்துக் கொடுத்தார், பந்தியில் நின்று எல்லாரையும் கவனித்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை.

பேசவில்லை என்றால் முறைத்துக்கொண்டு திரிந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. நான் போனால் இளநீர் வரும், கறிக்குழம்பு வரும், படுக்கப் புது மெத்தை வரும். பேச்சு மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். நான் எதிரேயே உட்கார்ந்திருப்பேன். அவர் கோகிலாவைப் பார்த்து, "அம்மிணி, அவிய சாப்புட்டாங்களான்னு கேளு" என்பார். "சாப்பிட்டேனுங்க மாமா" என்பேன் நான். அவர் மறுபடியும் கோகிலாவிடமே, "இன்னொரு தோசை வெச்சுக்கச் சொல்லு" என்பார். கோகிலா இல்லாவிட்டால் அத்தை. அத்தையும் இல்லாவிட்டால் வாசலில் வந்து நிற்கிற பால்காரர். ஒரு தடவை பால்காரர் என்னிடம் திரும்பி, "உங்களைக் காரை நெழல்ல நிறுத்தச் சொல்றாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. எங்கள் மகள் மித்ரா பேசப் பழகியபோது அவள் வாயில் வந்த முதல் முழு வாக்கியமே, "தாத்தா உங்களக் காப்பி குடிக்கச் சொன்னாங்க" என்பதுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கோகிலா சிரிக்கவில்லை.

"அடுத்த வருசம் இவ பள்ளிக்கூடம் போயிருவா. அப்பறம் தூது போறதுக்கு யாரைப் புடிக்கறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதர் வாயிலிருந்து 'மாப்ள' என்று ஒரே ஒரு வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. மாமனார் தறிகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மேட்டூர்ப் பக்கம் ஒருவரிடமிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். குமாரபாளையத்தில் காவிரி கதவணைக்குப் பின்னால் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். அதன் நடுவில் போய் நாலு தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூங்கில் குச்சித் தூண்டில் இல்லை, ரீல் வைத்த ராடு. ராடு நாலு, கை இரண்டுதான். அதனால் படகில் ஹோல்டர் வைக்க வேண்டும். ஹோல்டர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. ராடின் அடிப்பக்கத்தைச் செருகி நிறுத்த ஒரு குழாய், அவ்வளவுதான்.

"நான் பண்ணித் தர்றேன்னு சொல்லு" என்றேன் கோகிலாவிடம். (அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.)

அடுத்த ஞாயிறு, ஆன்லைனில் வரவழைத்த மூன்று மாதிரிகளோடு போய் இறங்கினேன். ஒன்று, படகின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஹோல்டர். அதைத் திருகி இறுக்கினால் போதும். இன்னொன்று, விளிம்பை வட்டமாக அறுத்து உள்ளே இறக்குகிற எவர்சில்வர் குழாய். மூன்றாவது, பல்சக்கரம் வைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளும் ரகம். கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். மாமனார் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நூலில் முடிச்சு தேடுகிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்து வைத்தார்.

"அம்மிணி, இந்தக் கவ்வறதே போதும்னு சொல்லு. வேணுங்கறப்ப மாட்டிக்கலாம், வேண்டாங்கறப்பக் கழட்டிக்கலாம். படகுல ஓட்டை போடற சோலியே வேண்டாம்னு சொல்லு."

மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுந்தது. ஆனால் எனக்குள் இருந்த லாரிக்காரன் விழித்துக்கொண்டான். பிளாஸ்டிக்கா? இருபது டன் நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்குப் பாடி கட்டுகிறவன், மாமனார் படகில் பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டான் என்று நாளைக்கு நாமக்கல்லில் நாலு பேர் பேசினால் நான் எந்த முகத்தோடு நடமாடுவது?

"இதெல்லாம் ஆறு மாசத்துல ஒடஞ்சுபோயிருமுங்க மாமா. நம்ம பட்டறையிலயே செஞ்சரலாம். ஆயுசுக்கும் அசையாது" என்றேன்.

மாமனார் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா என்னைப் பார்த்தாள்.

"அவிய இஷ்டம்னு சொல்லு" என்றார்.

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (பெரியவர்கள் 'உங்க இஷ்டம்' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.)

படகு ஒரு மினி லாரியில் ஏறி நாமக்கல் வந்து சேர்ந்தது. பட்டறையில் வேலைக்கு நின்ற மூன்று லாரிகளையும் விட்டுவிட்டு அத்தனை பேரும் படகைச் சுற்றி வந்து நின்றார்கள். எங்கள் வெல்டர் பெரியசாமி அண்ணன் விரல் கணுவால் அதைத் தட்டிப் பார்த்து, "என்னங்க இது, பக்கெட்டாட்ட இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பக்கெட்டை லாரியாக்கிக் காட்டுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

இரண்டு இன்ச் இரும்புப் பைப்பில் நாலு துண்டு வெட்டினோம். ஒவ்வொன்றின் அடியிலும் கனத்த தகடு வைத்து வெல்டிங். தகட்டைப் படகின் உள்சுவரில் போல்ட் போட்டு முடுக்கினோம். நடுவில் பழைய டயர் ட்யூபை வெட்டி வாஷர். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு. ஆட்டம் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சேனல். எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோவுக்குப் பக்கம் வந்தது, அரைக் கிலோகூட இல்லாத தூண்டிலைத் தாங்குவதற்கு.

"இதுல யானையக் கட்டலாமுங்க" என்றார் பெரியசாமி அண்ணன். பாராட்டுகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மகா யோசனை பிறந்தது. லாரிப் பாடியில் நாங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிற விஷயம் ஒன்று உண்டு. எங்கேயும் தண்ணீர் தங்கக் கூடாது. தங்கினால் துரு ஏறும். அதனால் தளத்தில் மழைத் தண்ணீர் வடிய ஓட்டை வைப்போம். எங்கள் பட்டறையில் வடிகால் இல்லாமல் ஒரு வண்டி வெளியே போனது கிடையாது. இந்த ஹோல்டரிலோ அடியில் தகடு வைத்து மூடியாகிவிட்டது. மழை பெய்தால் குழாய்க்குள் தண்ணீர் நிற்குமே.

"வடிகால் வெச்சரலாமுங்களா?" என்று கேட்டார் அண்ணன். அவருக்கும் அதே நோய்தான்.

"வெச்சரலாம். ஆனா உள்பக்கம் வடியக் கூடாதுங்கண்ணா. மாமா காலு நனஞ்சிரும். வெளிய வடியற மாதிரி, பக்கவாட்டுல போட்டரலாம்."

"படகுலீங்களா?"

"பின்ன?"

"தண்ணி உள்ள வந்தராதுங்களா?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.) படகின் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பாசி படிந்து ஒரு பச்சைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

"இதா பாருங்க, தண்ணி இது வரைக்கும்தான் வரும். படகே சொல்லுது. நாம இதுக்கு ரெண்டு விரல் மேல தள்ளிப் போடறோம்."

அண்ணன் கையிலிருந்த டிரில்லிங் மெஷினை நானே வாங்கினேன். மாமனார் படகு, மருமகன் கைபட ஆகட்டும் என்று ஒரு ஆசை. ஒவ்வொரு குழாயின் அடியிலும் தகட்டோடு சேர்த்துப் படகின் சுவரையும் துளைத்து, சுண்டுவிரல் போகிற அளவுக்கு நாலு ஓட்டை போட்டேன். இரும்பில்தான் கொஞ்சம் முனகியது, ஃபைபரில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு சொம்புத் தண்ணீரை ஹோல்டரில் ஊற்றிக் காட்டினேன். வெளிப்பக்கம் அழகாக வடிந்தது. பட்டறையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, படகின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 'மாமனார் துணை' என்று எழுதச் சொன்னேன். அவர் பழக்க தோஷத்தில் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் பெரியசாமி அண்ணனும் படகை ஆற்றில் இறக்கிக் கட்டினோம். வடிகால் ஓட்டை ரகசியமாக இருக்கட்டும், முதல் மழையில் மாமாவுக்கு ஆச்சரியமாக இருக்கும் என்று நான் யாரிடமும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமனார், அத்தை, கோகிலா, மித்ரா எல்லாரும் வந்தார்கள். அத்தை சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். எங்கள் தொழிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எந்த வண்டியையும் எடுக்க மாட்டோம். கையில் பழத்தை வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், படகை இரண்டு சுற்று சுற்றி வந்தேன்.

"அம்மிணி, படகுக்குச் சக்கரம் இல்லைன்னு சொல்லு" என்றார் மாமனார்.

பிறகு அவர் முன்னால் போய் நின்று 'மாமனார் துணை'யைப் படித்தார். இரண்டே வார்த்தையை அத்தனை நேரம் படித்த ஆளை நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினார், தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார். மீசை லேசாக அசைந்தது என்று கோகிலா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

ஏறும்போது அவள் என் காதருகே, "இன்னிக்குப் படகுல உங்க ரெண்டு பேரையும் தவிர யாருமில்லை. எப்படியாவது பேச வெச்சிருங்க" என்றாள். அத்தை நாலடுக்கு டிபன் கேரியரை நீட்டினார். இட்லி, நாட்டுக்கோழிக் குழம்பு, தேங்காய்ச் சட்னி, ஒரு அடுக்கு நிறைய அதிரசம்.

மாமனார் துடுப்புப் போட்டார். நடு ஆற்றுக்கு வந்ததும் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கிப் படகை நிறுத்தினார். நாலு ராடையும் நாலு ஹோல்டரில் செருகினோம். ஒவ்வொரு ஹோல்டரையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படகு கொஞ்சம் தாழ்வாகத்தான் மிதந்தது. பாரம் ஏற்றிய வண்டி மாதிரி கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனாருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. கரையைப் பார்த்தார், கோகிலா தூரத்தில் புள்ளியாக நின்றாள். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் எங்கள் இருவருக்கும் நடுவே பலகையில் இருந்த டிபன் கேரியரைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு மேல சாப்புட்டுக்கலாம்னு சொல்லு" என்றார் அதனிடம்.

அது என்னிடம் சொல்லும் என்று நானும் ஒரு நிமிடம் காத்திருந்தேன். பிறகு, "சரிங்க மாமா" என்றேன்.

இப்படியே நேரம் போனது. "வெயில் ஏறுது, தலையில துண்டக் கட்டிக்கச் சொல்லு." "அந்தப் பக்கத்து ராடை ஒரு கண்ணு பாத்துக்கச் சொல்லு." டிபன் கேரியர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் இத்தனை வாக்கியம் என்னை உத்தேசித்துப் பேசியது அன்றைக்குத்தான்.

அப்போது அவர் கழற்றி வைத்திருந்த செருப்பு இரண்டும் தானாக நகர்ந்தன. மெதுவாகத் திரும்பி, ஒன்றன் பின் ஒன்றாக என்னை நோக்கி வந்தன.

"செருப்பு நகருதுன்னு சொல்லு" என்றார் மாமனார்.

குனிந்து பார்த்தேன். படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வடிகால் ஓட்டை வழியாக ஏறி, தகட்டு இடுக்கில் கசிந்து வருகிறது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எனக்கோ நீச்சல் தெரியாது. நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நீர்நிலை பட்டறைத் தொட்டிதான். (லைஃப் ஜாக்கெட்டா? அன்றைய அறிவுக்கு அது எட்டவில்லை. இப்போது அது இல்லாமல் யாரும் படகில் கால் வைப்பதில்லை.)

"பனித் தண்ணியா இருக்குமுங்க மாமா" என்றேன்.

சொல்லிக்கொண்டே டிபன் கேரியரை எடுத்தேன். தண்ணீரை மொண்டு ஊற்ற வேறு பாத்திரம் இல்லை. அடுக்குகளைப் பிரித்து இட்லி, கோழிக்குழம்பு, சட்னி, அதிரசம் எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டினேன். மாமனார் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அத்தையின் கோழிக்குழம்பு வாசனைக்குக் காவிரியில் எத்தனை மீன் உண்டோ அத்தனையும் படகைச் சுற்றி வந்துவிட்டன. சலசலவென்று ஒரே கும்மாளம். நான் ஒரு அடுக்கால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஊற்றுவதற்கு மேல் தண்ணீர் உள்ளே வந்தது.

கோழிக்குழம்புக்கு வந்த கூட்டத்தில் ஏதோ ஒரு பெரிய மீன் வலது பக்கத் தூண்டிலையும் கவ்விவிட்டது. ராடு வில்லாக வளைந்தது. மாமனார் தன்னை மறந்து அந்தப் பக்கம் பாய்ந்தார். படகு அவரோடு சாய்ந்தது. வலது பக்கத்து ஓட்டைகள் இரண்டும் ஆழத்துக்குப் போக, குழாயின் அடியில் இருந்த தகட்டோரமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியது. சாய்ந்த வேகத்தில் என் கையிலிருந்த அடுக்கும், பலகையில் இருந்த மிச்ச டிபன் கேரியரும் ஆற்றில் விழுந்தன. அடுக்குகள் மிதந்து போய், சாய்ந்து, ஒவ்வொன்றாக முழுகின.

மாமனார் நிமிர்ந்தார். தகட்டைப் பார்த்தார், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார், ஓட்டையைக் கண்டார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. யாரிடம் சொல்வது என்று பலகையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"மாப்ள, வெளிய கைய உட்டு அந்தப் பக்கத்து ஓட்டைய அடைங்க."

நான் அடைக்கவில்லை. அப்படியே நின்றேன். "மாமா, என்னையுங்களா கூப்பிட்டீங்க?" என்றேன்.

"மொதல்ல அடைங்க மாப்ள."

இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் குப்புற விழுந்து, இடது பக்க விளிம்பில் நெஞ்சை வைத்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, துழாவி, இரண்டு ஓட்டையையும் கட்டைவிரலால் அடைத்தேன். வலது பக்கம் அவர் அதே மாதிரி கவிழ்ந்து படுத்து அந்த இரண்டையும் அடைத்தார். படகு நிமிர்ந்தது. தண்ணீர் வருவது நின்றது. நாலு ஓட்டை, நாலு கை. முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் ஆற்றை எட்டிப் பார்த்தபடி கிடந்தோம். கையை எடுத்தால் முழுகிவிடும். அதனால் துடுப்புப் போட முடியாது, நங்கூரக் கல்லைத் தூக்க முடியாது, மீனை இழுக்கவும் முடியாது. மீன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ரீல் கிர்ரென்று கத்தி முடித்து, மாமனார் தலைக்கு மேலேயே ராடு படாரென்று முறிந்தது.

"ஹோல்டர் அசையல மாப்ள" என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"தேங்ஸுங்க மாமா."

"எதுக்கு இந்த ஓட்டை?"

"மழைத் தண்ணி வடியறதுக்குங்க. உங்க காலு நனையக் கூடாதுன்னுதான், பாசிக் கோட்டுக்கு மேல..."

"அது சும்மா கட்டிக் கெடந்த படகோட கோடு. ரெண்டு ஆளும் அம்பது கிலோ இரும்பும் ஏறுனா படகு எறங்காதா? லோடு ஏத்துனா வண்டி எறங்கும்னு லாரிக்காரருக்கு நான் சொல்லோணுமா?"

பட்டறையில் சேரும் கடைநிலை ஆளுக்குக்கூட முதல் நாளே தெரிந்துவிடுகிற விஷயம் அது. முகத்தைத் தண்ணீருக்குள் முக்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஏற்கெனவே பாதி முகம் தண்ணீரில்தான் இருந்தது.

"மாமா, எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"அத ஏறும்போதே சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்கதான் பேசறதில்லீங்களே மாமா."

"டிபன் கேரியர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதுகுப் பக்கம் படகு குலுங்கியது. நானும் சிரித்தேன். கட்டைவிரல் நழுவி, கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்து, மறுபடியும் அடைத்தேன். அப்போதுதான், முகத்தைப் பார்க்காமல் இருந்த தைரியத்தில், மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"எம்மேல அவ்வளவு கோவமுங்களா மாமா?"

"மொத மாசம் கோவம்தான். ரெண்டாவது மாசம் வைராக்கியம். அதுக்கப்பறம் கோவமெல்லாம் ஒண்ணுமில்லை மாப்ள. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. திடீர்னு ஒரு நாள் காப்பியக் குடிங்கன்னு நேரா சொன்னா ஊட்ல எல்லாரும் என்னையவே பாப்பாங்களேன்னு கூச்சமா இருந்துச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. அப்படியே ஆற்றில் விட்டுவிட்டேன்.

பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள். தறிச் சத்தத்தில் வாழ்ந்தவர், அடங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. கல்யாணத்தில் ரசம் உப்பாக இருந்தது, என் மீசை எனக்குப் பொருந்தவில்லை, மித்ராவுக்கு என் அம்மா மாதிரி நெற்றி, லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு என்ன மைலேஜ் கொடுக்கிறது, ஏன் நான் தோசைக்குச் சட்னியே தொடுவதில்லை. மூன்று வருடமாகக் கவனித்து வைத்திருக்கிறார். விரல் மரத்துப்போனது, நெஞ்சு வலித்தது, அவர் நிறுத்தினால்தான் பயமாக இருந்தது.

"ஹோய்... ஹோய்... ஹோய்ய்ய்..."

யாரோ அலறிக்கொண்டு வந்தார்கள். தலையைத் திருப்பினால், மாமனாருக்குத் தெரிந்த மீன்காரர் மாதையன், பரிசலில்.

"ஏனுங்க, பின்னால ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருக்குதுங்களே, அதான் சத்தம் போட்டுட்டு வாரேன்" என்றார். கிட்டே வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஆத்துல என்னத்தப் போட்டுட்டுத் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல மாதையா. நம்ம மாப்ள படகக் கொஞ்சம் காத்தோட்டமாப் பண்ணிப்போட்டாரு" என்றார் மாமனார்.

நம்ம மாப்ள. எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் அவர் என் மானத்தை வாங்கட்டும், இந்த வார்த்தையோடு சேர்த்து வாங்கினால் எனக்குச் சம்மதம்.

ஓட்டைக்குள் திணிக்கத் துணி வேண்டும் என்றார் மாதையன். மாமனார் தலையை அசைத்துத் தோள் துண்டைக் காட்டினார். சொந்தத் தறித் துண்டு, அதில் ஒரு இழை இழுபட்டாலே முகம் சுளிக்கிறவர். மாதையன் அதை நாலாகக் கிழித்து, சுருட்டி, ஒவ்வொரு விரலாக எங்களை விடுவித்தார். பிறகு படகைப் பரிசலில் கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். முன்னால் பரிசல், பின்னால் 'மாமனார் துணை'.

கரையில் எல்லாரும் பதறிக்கொண்டு நின்றார்கள். அத்தை பழக்கத்தில் மித்ராவை முன்னால் தள்ளி, "அப்பாவத் தலை தொவட்டச் சொல்றாரான்னு தாத்தாகிட்டக் கேளு சாமி" என்றார். மித்ரா வாயைத் திறப்பதற்குள் மாமனார் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மாப்ள, தலையத் தொவட்டுங்க. சளி புடிச்சுக்கும்."

கோகிலா சட்டென்று ஆற்றைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மித்ரா வேலை பறிபோன கோபத்தில் அழுதாள். கடைசியில் அத்தைதான் சுதாரித்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி, என்ற டிபன் கேரியர் எங்க?"

படகின் ஓட்டைகளை மறுவாரமே ஃபைபர் பசை போட்டு அடைத்துக் கொடுத்தேன். ஹோல்டர்கள் நாலும் இப்போது மாமனார் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியைத் தாங்கி நிற்கின்றன. நனைந்த போர்வை எத்தனை போட்டாலும் அசையாது. படகில் அந்தக் கவ்வுகிற பிளாஸ்டிக் ஹோல்டர்கள்தான் இருக்கின்றன. ஆறு வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை என்பதை மாமனார் அடிக்கடி எனக்கு நினைவூட்டுவார், நேராகவே. தினமும் காலை ஐந்தரைக்குப் போன் வந்துவிடும். "மாப்ள, எந்திரிச்சாச்சா?" என்று ஆரம்பித்தால், பட்டறை திறக்கிற வரைக்கும் விட மாட்டார். கோகிலா சில நாள் போனைப் பிடுங்கி, "அப்பா, பழையபடி எங்கிட்டயே சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்" என்று கெஞ்சுவாள்.

எங்கள் சொந்தத்தில் யாராவது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், சமாதானம் பேச இப்போதெல்லாம் யாரும் போவதில்லை. "ரெண்டு பேரையும் படகுல ஏத்தி, ஓட்டை போட மாப்ளயக் கூப்புடுங்க" என்று அத்தை ஆரம்பிப்பார், கல்யாணப் பந்தி வரைக்கும் அந்தப் பேச்சு போகும். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் ஐந்தரைக்கு வழக்கம்போல் போன் வந்தது. மாமனாருக்கும் அவர் தம்பிக்கும் எட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஏதோ ஒரு கோவில் நோம்பிக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று ஆரம்பித்த விவகாரம்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம சின்னவனப் படகுல கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன். வரச் சொல்லி ஆளுட்டுச் சொல்லியாச்சு. நீங்க அந்த டிரில்லிங் மெஷின எடுத்துட்டு வந்துருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று யோசித்தேன். குரலில் சிரிப்பு இல்லை.

"மாமா, சின்ன மாமாவுக்கு நீச்சல் தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியும் மாப்ள. லேசுல பயப்பட மாட்டான், அதனால ரெண்டு ஓட்டை சேத்தியே போடுங்க."